திங்கட்கிழமைப் போத்தல்கள்

நாவலடிக் குறிச்சியில் ஒருமுறை கிணற்றுக்குள் விழுந்த அணில் ஒன்று மூன்றாம் நாள் கருவாடாக வெளியே வந்தது. நம்பாதவர்கள் பூநகரியில் பஸ் ஏறி, அந்த பஸ் ஓடுகிற நாளாகப் பார்த்து, ஊருக்கு வந்து விசாரிக்கலாம். அணிலைக் கண்ணால் கண்டவர்கள் ஏழு பேர் இருக்கிறார்கள். பொரித்துச் சாப்பிட்டதாகச் சொல்பவர் ஒருவர்தான். அவர் சொல்வதை நானும் நம்புவதில்லை.

உப்பு அவ்வளவு என்று சொல்ல வந்தேன். ஊருக்கு மேற்கே கடனீரேரி. வைகாசியில் சோழகக் காற்று எழும்பினால் ஏரித் தண்ணீர் வாய்க்கால் வழியே ஏறி வயல் விளிம்பு வரை வரும். அதை மறிப்பதற்கு முன்னையவர்கள் மண்ணால் ஒரு தடுப்பணை போட்டு, நடுவில் பலகை இறக்கி மூடுகிற துருசும் வைத்திருந்தார்கள். யுத்தத்தில் அணை இரண்டு இடத்தில் உடைந்தது. பலகைகள் அதன்பிறகு உக்கிப்போயின. அன்று தொடக்கம் உப்புத் தண்ணீர் பாஸ் எடுக்காமலே ஊருக்குள் வந்துபோனது. ஒவ்வொரு வருடமும் வயலில் நாலைந்து பாத்தி வெளுத்து, அடுத்த வருடம் அங்கே நெல் முளைக்காது.

குறிச்சியில் இருபது வீடு, இருபது கிணறு. வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் உள்ளது ஒன்றில்தான். அது கிழக்குப் பக்க மணல் மேட்டில் இருக்கிற யோகநாதனுடைய கிணறு. அதில் தேத்தண்ணி போட்டால் சீனி தேவையில்லை என்று சொல்வார்கள். சொல்வது பெரும்பாலும் நான்தான். யோகநாதன் அந்தக் கிணற்றைக் கட்டிய மனைவியைப் போலப் பாதுகாத்தார். மனைவி அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் பாதுகாக்கப்பட்டார். அன்றாடம் குடிப்பதற்கு ஊர் முழுக்கப் பிரதேச சபையின் பவுசர் வண்டித் தண்ணீர். குளிக்க, கழுவ, அவரவர் கிணற்றுச் சவர்த் தண்ணீர். ஆனால் ஒரு வீட்டுக்கு விருந்தாள் வந்துவிட்டால் மட்டும் யோகநாதனின் படலையைத் தட்டலாம். ஒரு குடம் தருவார். வந்தவர்களுக்குச் சவர்த் தண்ணீர் கொடுப்பது எங்கள் ஊரில் செத்த வீட்டுக்குப் போகாமல் விடுவதற்குச் சமம். இருபது வீட்டுக்கும் ஒன்றோடொன்று ஆயிரம் கோபதாபம் இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒரே கட்சி.

இந்த ஊருக்குத்தான் மீனம்மா வாழ்க்கைப்பட்டு வந்தாள்.

அவள் பிறந்தது தர்மபுரத்தில். தாய் தகப்பன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்தில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து உடுத்த உடுப்போடு வன்னிக்கு வந்தவர்கள். தகப்பன் ஐயாத்துரை காடு வெட்டித் தோட்டம் செய்தார். மீனம்மா சாதாரணதரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்குத் திறமைச் சித்தி எடுத்தாள். மேலே படிப்பதற்குள் காலம் குழம்பிவிட்டது. 2009இல் அகதி முகாமில், தண்ணீர் வரிசையில், தன் வாளியை அவளுடைய வாளிக்கு முன்னால் நகர்த்திய ஒருவனை அவள் அதே வாளியால் முழங்காலில் அடித்தாள். அவன்தான் சுதாகரன். அடுத்த வருடம் அவனையே கட்டிக்கொண்டு நாவலடிக் குறிச்சிக்கு வந்தாள். அவன் இன்றைக்கும் மாரி காலத்தில் அந்த முழங்காலைத் தடவிக்கொள்வான்.

சுதாகரனின் தாய் கமலாசனி யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து காணி எடுத்துக் குடியேறிய குடும்பம். அவர் பேச்சு வார்த்தையில் குறை வைக்கமாட்டார். மருமகளை அடித்ததும் இல்லை, ஏசியதும் இல்லை. "தர்மபுரத்துப் பிள்ளை" என்று மட்டும் பதினாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் இருந்து வந்தவர்களின் மகள் என்று காட்ட அவ்வளவு போதும். ஊரும் அப்படித்தான் சொல்லியது. எல்லோருக்கும் ஊசி நூல் முதல் பனடோல் வரை வேண்டியபோது மீனம்மாவின் வீடு தேவைப்பட்டது. பேர் மட்டும் தர்மபுரத்துடையதாகவே நின்றது.

சென்ற வருடம் தை மாதக் கடைசியில் பல்கலைக்கழகத்தில் இருந்து பிரஷாந்தினி வந்தார். முப்பது வயது விரிவுரையாளர். நிலத்தடி நீரில் கடல் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று கரையோர ஊர்களில் ஆராய்ச்சி செய்கிறார். கையில் பேனையளவு ஒரு மீற்றர். தண்ணீருக்குள் அதன் நுனியை வைத்தால் ஓர் எண் காட்டும். எண் கூடினால் உப்பும் கூட. ஆயிரத்துக்குக் கீழே என்றால் வாயில் வைக்கலாம். இரண்டாயிரத்துக்கு மேலே என்றால் பயிரும் முகம் சுளிக்கும். இந்த ஆராய்ச்சியின் முடிவைப் பார்த்துத்தான் எந்த ஊர்த் தடுப்பணையை முதலில் திருத்துவது என்று மாவட்டக் குழு பட்டியல் போடப்போகிறது என்றும் அவர் சொன்னார்.

அவருக்கு ஊரில் ஒரு ஆள் வேண்டும். விஞ்ஞானம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், சைக்கிள் இருக்க வேண்டும், இருபது வீட்டிலும் கோபம் இல்லாமல் இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனையைக் கேட்டதும் ஊரில் ஒருவர்தான் மிஞ்சினார்.

வேலை இதுதான். தண்ணீரை மோட்டர் போடுவதற்கு முன்னால், காலை ஆறு மணிக்கு, எல்லாக் கிணற்றிலும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். மோட்டர் ஓடினால் கீழே இருக்கிற தண்ணீர் கலங்கி எண் மாறிவிடும். ஒருத்தி ஒரே நேரத்தில் இருபது கிணற்றடியில் நிற்க முடியாது. ஆகவே ஒவ்வொரு திங்கட்கிழமையும் வீட்டுக்காரரே தங்கள் கிணற்றில் அள்ளிப் போத்தலில் நிரப்பிப் படலையில் வைப்பார்கள். மீனம்மா சைக்கிள் கரியரில் பெட்டி கட்டிச் சேர்த்துக்கொண்டு போய்ப் பூநகரியில் கொடுப்பாள். ஒவ்வொரு போத்தலிலும் கிணற்று இலக்கத்தோடு சொந்தக்காரரின் பேரும் ஒட்டியிருந்தது, அழகான எழுத்தில், தண்ணீர் பட்டாலும் அழியாத மையில்.

அந்தப் பேர்தான் வினை.

முதல் திங்கட்கிழமை விடிய மீனம்மா தன் வீட்டுக் கிணற்றடிக்குப் போனபோது கமலாசனி அம்மா அங்கே நின்றார். போத்தலை வாங்கி, கண்ணாடியை மேலே தூக்கிப் பேரை வாசித்தார். 'சு. மீனம்மா' என்று இருந்தது. எங்கள் வீட்டுப் பேரை ஒட்டி இந்தத் தண்ணியையோ கம்பசுக்கு அனுப்பப் போகிறாய், அங்கே அதை எத்தனை பெரிய ஆட்கள் பார்ப்பார்கள், நாளைக்குச் சுதாகரனின் தம்பிக்கு ஒரு கலியாணம் பேச வேண்டாமா என்று கேட்டார். பிறகு செம்பை எடுத்துக்கொண்டு கிழக்குப் பக்கமாக நடந்தார்.

மீனம்மா தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. இருபதில் ஒன்று பிழைத்தால் ஆராய்ச்சி கெட்டுவிடாது, ஒருநாளாவது இந்த வீட்டு மானத்தைக் காப்பாற்றியவளாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

இப்போது கேளுங்கள். அந்த விடியலில் இருபது வீட்டிலும் அந்த நினைப்புத்தான் இருந்தது. யோகநாதனின் வீட்டைக் கழித்தால் பத்தொன்பது. பவுசர் தண்ணீரில் மருந்து மணக்கும், படித்தவர்கள் பிடித்துவிடுவார்கள் என்று எல்லோரும் தனித்தனியே யோசித்து, தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள். விருந்தாள் வந்திருக்கிறார் என்று ஒவ்வொரு திங்களும் பொய் சொல்ல முடியாது. அதனால் யோகநாதனிடம் போய், திங்கட்கிழமை விரதம், சாமிக்கு வைக்க நல்ல தண்ணி வேண்டும் என்றார்கள். ஐந்தரைக்கு ஒருவர், ஐந்து நாற்பதுக்கு ஒருவர். வேலிக்கு வேலி ஒளித்து, ஒருவரை ஒருவர் காணாமல். ஊருக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டதைக் கண்ட யோகநாதன் தானும் திங்கட்கிழமைகளில் மீன் சாப்பிடுவதை நிறுத்தினார். பத்தொன்பதாம் இலக்கப் போத்தல் யாருடையது என்று என்னிடம் கேட்க வேண்டாம்.

பன்னிரண்டு கிழமை இப்படிப் போயிற்று.

வைகாசிக் கடைசியில் ஒரு நாள் கிராம சேவையாளர் ஒரு கடிதத்தோடு மீனம்மாவின் வீட்டுக்கு வந்தார். சுதாகரன் வாசித்தான். நாவலடிக் குறிச்சியின் நிலத்தடி நீர் நன்னிலையில் இருப்பதாக இடைக்கால அறிக்கை தெரிவிப்பதால், இவ்வருடத் தடுப்பணைத் திருத்தப் பட்டியலில் இருந்து ஊர் நீக்கப்பட்டிருக்கிறது. அடுத்த பட்டியல் நிதி கிடைக்கும்போது. சனிக்கிழமை பொதுநோக்கு மண்டபத்தில் விரிவுரையாளர் விளக்கம் தருவார்.

மீனம்மா கடிதத்தை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தாள். ஒரு போத்தல் பிழைத்தால் இப்படி வராது. தான் மட்டும் என்று பன்னிரண்டு கிழமையாக நினைத்திருந்தது அந்த நிமிஷத்தில் உடைந்தது. அன்று பின்னேரம் அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். எவரும் நேரே ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவர் மாட்டைப் பார்க்கப் போனார், ஒருவருக்குக் காது கேட்கவில்லை, ஒரு வீட்டில் முழுக் குடும்பமும் திடீரென்று கும்பிடப் போய்விட்டது. ஒப்புக்கொள்ளாத விதத்திலேயே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

மீனம்மாவும் சுதாகரனும் செய்கிற வயல் அணையின் உடைப்புக்கு நேரே இருக்கிறது. இரண்டு ஏக்கர், மொட்டைக்கறுப்பன் நெல். போன போகத்தில் பாதி வெளுத்துவிட்டது. இந்த வருடமும் அணை திருத்தப்படாவிட்டால் மற்றப் பாதியும் போகும். அவர்களுக்கு வேறு வயல் இல்லை.

"உண்மையைச் சொன்னியெண்டால் உன்ர வேலை போகும்," என்றான் சுதாகரன். "சொல்லாட்டி வயல் போகும். வேலையை விடு, அதைப் பாத்துக்கொள்ளலாம். ஆனா ஊரைக் காட்டிக் குடுத்தவள் எண்டு வைச்சுச் சாகுமட்டும் சொல்லுவினம் மீனா. பேர் சொல்ல மாட்டினம். தர்மபுரத்தாள் எண்டுதான் சொல்லுவினம்."

"இப்பவும் அப்பிடித்தானே சொல்லுகினம். புதுசா ஒண்டும் ஒட்டப்போறேல்லை."

சொன்னாளே தவிர, சனிக்கிழமை வரை அவள் போத்தல் பெட்டியைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஊர் முழுக்க மண்டபத்தில் கூடியது. பிரஷாந்தினி ஒரு பெரிய வரைபடத்தைச் சுவரில் தொங்கவிட்டார். இருபது புள்ளிகள், இருபதும் நீலம். இப்படி ஒரு ஊரைத் தான் கண்டதே இல்லை என்று அவர் சொன்னபோது முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கடலுக்கு இவ்வளவு கிட்ட, இருபது கிணற்றிலும் கிட்டத்தட்ட ஒரே எண். நிலத்துக்கடியில் உப்பு நீருக்கு மேலே மழைத் தண்ணீர் ஒரு குமிழிபோல மிதந்துகொண்டிருக்க வேண்டும். பேராசிரியரே நேரில் பார்க்க வரப்போகிறார். கோடை முற்ற முற்ற எல்லா எண்ணும் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனாலும் பயப்பட ஒன்றும் இல்லை. உங்கள் ஊர் அதிர்ஷ்டமான ஊர்.

அதிர்ஷ்டமான ஊர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் கமலாசனி அம்மா சேலைத் தலைப்பில் இல்லாத முடிச்சு ஒன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்ததும் விருந்தாளுக்குத் தேத்தண்ணி வர வேண்டும். யோகநாதன் காலையிலேயே ஒரு குடம் அனுப்பியிருந்தார்.

மீனம்மா பின்பக்கத்தால் வெளியே போனாள். திரும்பி வரும்போது கையில் தட்டும் அதில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரும். பார்த்தால் தெளிந்த தண்ணீர்தான். ஆனால் தன் வீட்டில் இருந்து வாளியோடு கொண்டுவந்து மண்டபப் பின்கதவடியில் வைத்திருந்ததில் அள்ளிய தண்ணீர். வாளி ஊருக்கே தெரிந்த வாளி. பச்சை நிறம், உப்புப் படிந்து விளிம்பு வெள்ளை. கதவால் அது தெரிந்தது. முதல் வரிசையில் இருந்து கடைசி வரிசை வரை தலைகள் கதவுப் பக்கம் திரும்பின.

"குடியுங்கோ மிஸ்," என்றாள் மீனம்மா.

கமலாசனி அம்மா கதிரையில் இருந்து பாதி எழும்பினார். "மீனம்மா, வந்த பிள்ளைக்கு அதைக் குடுக்காதை."

தர்மபுரத்துப் பிள்ளை என்று சொல்ல அன்று அவருக்கு நேரம் இருக்கவில்லை.

மீனம்மா தட்டை நீட்டியபடியே நின்றாள். பிரஷாந்தினி சிரித்துக்கொண்டே எடுத்து ஒரு வாய் குடித்தார். சிரிப்பு நின்றது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், மரியாதைக்காக விழுங்கினார். தம்ளரைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், பிறகு மீனம்மாவைப் பார்த்தார்.

"இது எந்தத் தண்ணி?"

"என்ர வீட்டுக் கிணத்துத் தண்ணி மிஸ். அந்தப் படத்தில பதினோராம் இலக்கம். நான் பன்னிரண்டு கிழமையும் போத்தலுக்க வேற கிணத்துத் தண்ணி நிரப்பித் தந்தனான். என்ர பேர் இருந்தது, சவர்த் தண்ணி அனுப்ப எனக்கு வெக்கமாக் கிடந்தது. என்ர பிழை."

என்னுடைய பிழை என்றுதான் சொன்னாள். மாமியார் செம்பெடுத்துப் போனதைச் சொல்லவில்லை. மற்றப் பதினெட்டு வீட்டையும் சொல்லவில்லை.

ஊரைக் காப்பாற்றியது பெருந்தன்மை என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும். கமலாசனி அம்மா சுற்றிப் பார்த்தார். பதினெட்டு வீட்டுக்காரரும் அவர் வீட்டுக் கிணறு மட்டும்தான் உப்பு என்பதுபோல இரக்கத்தோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை அவரால் தாங்க முடியவில்லை.

"எங்கட கிணறு மட்டும் எண்டு நினையாதை பிள்ளை," என்று பிரஷாந்தினியிடம் சொன்னார். "உந்தச் சிவராசாவின்ர கிணத்தில கால் கழுவினா காலில வெள்ளை பூக்கும். அவரும் போத்தல் தந்தவர்தானே. கேளுங்கோ, எங்கத்தைத் தண்ணி எண்டு."

சிவராசா எழும்பித் தன் கிணற்றைவிடப் பக்கத்து வீட்டுக் கிணறு மோசம் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் எதிர்வீட்டைக் காட்டினார். கால் மணித்தியாலத்துக்குள் பத்தொன்பது கிணறும் சபைக்கு வந்துவிட்டன. கடைசியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தது யோகநாதனை.

"அப்ப விரதம்?" என்று கேட்டார் யோகநாதன்.

அவர் மூன்று மாதத்தில் தவறவிட்ட பன்னிரண்டு திங்கட்கிழமை மீன் கறியையும் மனதில் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

பிரஷாந்தினி மேசையடியில் போய் இருந்தார். அழப்போகிறார் என்று மீனம்மா நினைத்தாள். மூன்று மாத வேலை, பேராசிரியருக்குக் கொடுத்த அறிக்கை, கையெழுத்துப் போட்டவர் அவர். போத்தலை நிரப்ப வீட்டுக்காரரிடம் விட்டவரும் அவர்தான். மீனம்மா கிட்டப் போய், நாளைக்குப் போத்தல்களையும் பெட்டியையும் திருப்பித் தந்துவிடுகிறேன், வேறு ஆளைப் பாருங்கள் என்றாள். பிரஷாந்தினி கேட்டதாகத் தெரியவில்லை. மடிக்கணினியைத் திறந்து எதையோ இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து யோகநாதனின் கிணறு எங்கே இருக்கிறது, அதைவிட மேட்டில் வேறு கிணறு இருக்கிறதா, கடனீரேரியில் இருந்து அவ்வளவு தூரத்தில் வேறு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார்கள்.

கணினியை அவர் ஊர்ப்பக்கம் திருப்பினார். அதில் ஒரு கோடு, இடது பக்கம் தாழ்வாகத் தொடங்கி வலது பக்கம் ஏறிக்கொண்டு போனது.

"இருபது கிணத்தை ஒவ்வொரு தரம் அளக்கத்தான் நான் வந்தனான்," என்றார். "நீங்கள் ஒரு கிணத்தைக் கிழமைக்கு இருபது தரம் அளந்து தந்திருக்கிறியள். உலகத்தில ஒருத்தரும் ஒரு கிணத்தை இப்பிடி அளந்திருக்க மாட்டினம். முதல் கிழமை அறுநூற்றிப் பத்து. பன்னிரண்டாம் கிழமை எண்ணூற்றி முப்பது. இது கோடையில எல்லாக் கிணறும் கொஞ்சம் ஏறுறது எண்டு நினைச்சன். அப்பிடி இல்லை. ஊரில மிஞ்சியிருக்கிற ஒரே நல்ல தண்ணிக்கும் உப்பு வந்துகொண்டிருக்கு."

யோகநாதன் தன் கைகளைப் பார்த்தார். அந்தக் கிணற்றைப் பற்றி ஒருவர் குறை சொல்லி அவர் சண்டைக்கு வராதது அன்றைக்குத்தான்.

அடுத்த நாளே பிரஷாந்தினி திரும்பி வந்தார். போத்தல் இல்லை. மீற்றரை நீளக் கயிற்றில் கட்டி மீனம்மாவின் கையில் கொடுத்தார். நீயே ஒவ்வொரு கிணற்றுக்குள்ளும் இறக்கு, வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று எண்ணை வாசிக்கட்டும் என்றார். ஒரே நேரத்தில் இருபதும் எடுக்க முடியாவிட்டால் இரண்டு விடியலில் எடுக்கலாம், அன்றைக்கு மோட்டர் போடவேண்டாம் என்று கேட்டால் போதும். அதை முதலே யோசிக்காதது என் பிழை என்றார். இனி இலக்கம் மட்டும், பேர் ஒட்டுவதில்லை என்றும் முடிவாயிற்று. மீனம்மாவின் கிணறு மூவாயிரத்து நூறு. சிவராசாவுடையது நாலாயிரத்து எண்ணூறு. கமலாசனி அம்மா அதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

புதிய வரைபடம் சிவப்பு. கிழக்கு மூலையில் ஒரே ஒரு புள்ளி மட்டும் மஞ்சள். பிரஷாந்தினி தன் அறிக்கையைத் தானே திரும்பப் பெற்று, என்ன நடந்தது என்று ஒளிக்காமல் மாவட்டக் குழுவுக்கு எழுதினார். கூடவே அந்தப் பன்னிரண்டு கிழமைக் கோட்டையும் வைத்தார். பட்டியல் முடிந்துவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்று முதலில் பதில் வந்தது. பிறகு இரண்டு அதிகாரிகள் பார்த்துவிட்டுப் போக வந்தார்கள். வெயிலில் வந்தவர்களுக்குத் தட்டில் தண்ணீர் கொண்டுபோனது கமலாசனி அம்மா. ஊரில் இப்போது அவர்தான் அதற்குப் பொறுப்பு. "எங்கட மருமகள் காட்டித் தந்த வழி," என்று அவர் அவர்களிடம் சொன்னதை மீனம்மா குசினிக்குள் நின்று கேட்டாள். அன்றைக்கு மீன் குழம்பில் உப்புப் போட மறந்தாள், அவ்வளவுதான். அந்த ஊரில் அதற்காக ஒருவரும் குறை சொல்வதில்லை.

முழு அணையும் கிடைக்கவில்லை. துருசுக்குப் புதுப் பலகையும் பெரிய உடைப்புக்குக் கல்லும் மண்ணும் என்று முடிவானது. சின்ன உடைப்பை ஊரே அடைத்தது. நாலு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம், மண் மூட்டை ஆயிரத்து இருநூறு. நான் இரண்டாயிரம் என்றுதான் சொல்லிவந்தேன். மீனம்மா எண்ணி எழுதி வைத்திருக்கிறாள், அவளோடு வாதாட முடியாது. அணையின் ஏரிப் பக்கத்தில் கண்டல் கன்றுகளும் நட்டார்கள். அலையின் வேகத்தை வேர்கள் உடைக்கும், இறாலும் மீனும் அங்கே குஞ்சு பொரிக்கும் என்று பிரஷாந்தினி சொன்னார். பாதிக்கு மேல் பிடித்துவிட்டன. மிச்சத்தை ஆடு தின்றது.

ஐப்பசி மழை வந்தது. காலபோகத்துக்குச் சுதாகரன் விதைத்தான். வெளுத்த பாத்திகளில் நெல் வரவில்லை. அந்த மண் கழுவுப்பட இன்னும் இரண்டு மூன்று மாரி வேண்டுமாம். ஆனால் அதற்கு மேலே ஒரு பாத்தியும் புதிதாக வெளுக்கவில்லை. மாசியில் வெட்டும்போது இருந்த வயல், விதைக்கும்போது இருந்த அதே அளவு. அவன் அதை இரண்டு தரம் காலால் அடியளந்து பார்த்தான்.

ஊரில் இப்போது வேறொரு வியாதி பிடித்திருக்கிறது. கிணற்றுக் கட்டில் எல்லோரும் பெயின்றால் எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள். என்னுடையது மூவாயிரத்து நானூறு, உன்னுடையது வெறும் இரண்டாயிரத்து அறுநூறு, அதுக்குள்ளே என்ன கதை கதைக்கிறாய் என்று சந்தியில் சண்டை. சிவராசாவின் நாலாயிரத்து எண்ணூற்றை ஒருவராலும் வெல்ல முடியவில்லை. அவர் நடையே மாறிவிட்டது.

மீனம்மா இந்த வருடமும் அதே பன்னிரண்டு கிழமை அளந்தாள். தன் கிணற்றைப் பற்றி அவளுக்குப் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. ஏறிய உப்புப் போகப் பல வருடம் எடுக்கும் என்று அவளுக்கே விளங்கும். அவள் பார்த்துக்கொண்டிருந்தது யோகநாதனின் கிணற்றை. மாசிக் கடைசியில் அறுநூற்றி இருபதில் தொடங்கியது. பங்குனியில் அறுநூற்றி நாற்பது. சித்திரையில் கொஞ்சம் ஏறியது. அவள் அன்றே ரெலிபோன் எடுத்தாள். அது கோடை ஏற்றமாக இருக்கலாம், பொறு என்று பிரஷாந்தினி ரெலிபோனில் சொன்னார்.

வைகாசியில் சோழகம் எழும்பியது. பன்னிரண்டாம் கிழமைத் திங்கட்கிழமை விடிய, மீனம்மா மணல் மேட்டுக்குச் சைக்கிளில் போனபோது யோகநாதன் முன்னமே கிணற்றடியில் நின்றார். அவள் கயிற்றை இறக்கினாள். எண் அங்கும் இங்குமாக ஓடி நின்றது. யோகநாதனுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது.

"எவ்வளவு பிள்ளை?"

"அறுநூற்றி அறுபது."

"போன வருசம் இந்தக் கிழமை?"

"எண்ணூற்றி முப்பது அண்ணை."

அவர் இன்னொரு தரம் இறக்கச் சொன்னார். இறக்கினாள். அறுநூற்றி ஐம்பத்தெட்டு. கொப்பியில் எழுதி, நேரத்தையும் காற்று எந்தப் பக்கம் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொண்டாள். ஒரு வருட எண்ணை வைத்து அணை வேலை செய்கிறது என்று சொல்லக்கூடாது, மழை கூடிய வருடமாகவும் இருக்கலாம், இன்னும் இரண்டு வருடமாவது அளக்க வேண்டும் என்று அவருக்குச் சொன்னாள். யோகநாதன் தலையாட்டினார். ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார், அவளும்தான்.

இன்றைக்கு மீன் வாங்கப் போகிறேன் என்று அவர் சைக்கிளை எடுத்தார். மீனம்மா மீற்றரைத் துடைத்து உறையில் போட்டு, அடுத்த கிணற்றுக்குப் போனாள். மோட்டர் போடுவதற்கு முன்னால் அன்றைக்கு இன்னும் ஒன்பது வீடு இருந்தது.